விமானச் சரக்குக் கன்டெய்னரும் பேலட்டும்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

விமான நிலைய சரக்குக் கிடங்கில் பேலட் (சரக்கை அடுக்கி வலை போட்டுக் கட்டும் தட்டையான தகடு) கட்டுவதும் கன்டெய்னர் நிரப்புவதும் என் வேலை. வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

கப்பலில் வரும் கன்டெய்னரை அப்படியே விமானத்தில் ஏற்றிவிடலாமே, ஏன் தனியாக ஒன்று?

முதல் காரணம் எடை. 20 அடி கப்பல் கன்டெய்னர் காலியாகவே இரண்டு டன்னைத் தாண்டும். பயணிகள் விமானத்தின் அடித்தளத்தில் போகும் எல்டி3 அலுமினியப் பெட்டி, காலியாக 100 கிலோகூட வராது. அடுத்தது தரை. சரக்குத் தளம் முழுக்க உருளைகள். பெட்டியை அதன்மேல் தள்ளிக்கொண்டு போய் நிறுத்தினால், தரையிலுள்ள லாக்குகள் அதன் அடிவிளிம்பைப் பிடித்துக்கொள்ளும். அந்த விளிம்பின் அளவு, கனம், வலு எல்லாமே விமானத் தர விதிகளின்படி சான்று பெற்றவை. அதனால் இதைப் பெட்டி என்று நினைக்காதீர்கள். பறக்கும்போது அது விமானத்தின் ஒரு பாகம்.

சார், நான் லாஜிஸ்டிக்ஸ் படிக்கிறேன். பெட்டியிலும் பேலட்டிலும் எழுதியிருக்கும் 'ஏகேஇ', 'பிஎம்சி' மாதிரி குறியீடுகளையெல்லாம் மனப்பாடம்தான் செய்யணுமா?

வேண்டாம்மா, எழுத்து எழுத்தாகப் படித்தால் போதும். முதல் எழுத்து வகை. 'ஏ' என்றால் சான்று பெற்ற கன்டெய்னர், 'பி' என்றால் சான்று பெற்ற பேலட், 'ஆர்' என்றால் வெப்பநிலை காக்கும் கன்டெய்னர். இரண்டாவது எழுத்து அடித்தகட்டின் அளவு. 'கே' என்றால் சுமார் 153க்கு 156 செ.மீ., 'எம்' என்றால் 244க்கு 318 செ.மீ. மூன்றாவது எழுத்து கன்டெய்னரில் பெரும்பாலும் வடிவத்தைச் சொல்லும். பிறகு வரும் எண், அந்த ஒரு பெட்டிக்கு மட்டும் உரியது. கடைசி இரண்டு எழுத்து உரிமையாளர். 'ஏஐ' என்று முடிந்தால் ஏர் இந்தியாவின் பெட்டி.

ஒரே எழுத்து மாறினாலும் வேலை மாறும். ஏகேஇ, ஏகேஎன் இரண்டும் எல்டி3தான். ஆனால் ஏகேஎன் பெட்டியின் அடியில் ஃபோர்க்லிஃப்ட்டின் முள் நுழைய இடம் உண்டு, ஏகேஇயில் கிடையாது. இது தெரியாமல் ஏகேஇயைத் தூக்கப் போனால் அடித்தகடு கிழியும்.

அந்தப் பெட்டியின் ஒரு கீழ்மூலையை மட்டும் ஏன் சாய்வாக வெட்டியிருக்கிறார்கள்?

விமானத்தின் உடல் உருளை வடிவம். அடித்தளத்தில் இரண்டு பெட்டிகளை அக்கம்பக்கமாக வைக்கும்போது, வெளிப்பக்க மூலை அந்த வளைவுக்குள் அடங்க வேண்டும். எல்டி3க்கு அடியில் அகலம் 156 செ.மீ. என்றால் மேலே 2 மீட்டர் வரை விரியும். உள்ளே நாலு கன மீட்டருக்குச் சற்று மேல் இடம். பெட்டியோடு சேர்த்து அதிகபட்சம் 1588 கிலோ.

திருச்சியிலிருந்து கேட்கிறேன் அண்ணா. 170 செ.மீ. உயர மரப்பெட்டி, எடை கம்மிதான். ஏஜென்ட் போகாது என்கிறார். நிஜமா?

அவர் சொல்வது சரி. அகல உடல் விமானத்திலேயே அடித்தளத்துக்கு 160 செ.மீ.தான் பாதுகாப்பான உயரம். திருச்சிக்கு அதிகம் வருவதோ 737, ஏ320 மாதிரி ஒல்லி விமானங்கள். 737இல் கன்டெய்னர், பேலட் எதுவும் போகாது. ஒவ்வொன்றாகக் கையால்தான் ஏற்றுவார்கள். கதவின் உயரமே ஒரு மீட்டருக்குக் குறைவு. ஏ320இல் அந்த வசதி பொருத்தியிருந்தால் குட்டையான எல்டி3 போகும், உயரம் சுமார் 114 செ.மீ. படுக்கவைக்கக்கூடிய சரக்கு என்றால் படுக்கவைத்த அளவை ஏஜென்ட்டிடம் சொல்லுங்கள். நிமிர்த்தித்தான் வைக்க வேண்டும் என்றால் சரக்கு விமானம் வேண்டும். 747 சரக்கு விமானத்தின் பக்கக் கதவு வழியாக 3 மீட்டர் உயரம் வரை ஏற்றலாம்.

பேலட் என்பது வெறும் தகடுதானே? வலை போட்டால் போதுமா?

இதற்குக் கொஞ்சம் விரிவாகத்தான் சொல்ல வேண்டும். முதலில் தகட்டைத் துடைத்து, பிளாஸ்டிக் ஷீட் விரிப்போம். ஒரே இடத்தில் கனம் இறங்கும் இயந்திரம் என்றால் அடியில் மரக்கட்டைகள் போட்டுப் பாரத்தைப் பரப்புவோம். கனமானவை கீழே. அட்டைப்பெட்டிகளைச் செங்கல் கட்டுவதுபோல இணைப்பு மாறி மாறி வரும்படி அடுக்குவோம். நேர்க்கோட்டில் அடுக்கினால் நடுவில் பிளந்துகொள்ளும். பிறகு மேலே இன்னொரு ஷீட். மழை ஈரம் வேறு எங்கும் வராவிட்டாலும், விமானத்துக்குக் காத்திருக்கும் அந்த நேரத்தில் வரும்.

அப்புறம்தான் வலை. தகட்டின் விளிம்பில் ஓடும் காடியில் வலையின் கொக்கிகளை ஒவ்வொன்றாக மாட்டி, 'டக்' என்று பூட்டும் சத்தம் வந்ததா என்று கேட்டு, இழுத்துப் பார்க்க வேண்டும். கடைசியாக மூலைக் கயிறுகளை இறுக்குவோம். நைந்த வலையைப் போடக் கூடாது. வெயிலிலேயே கிடந்த வலை, பார்க்க நன்றாக இருந்தாலும் வலு குறைந்திருக்கும்.

அடிவிளிம்பு லேசாக வளைந்திருந்ததாம், நிரப்பிய கன்டெய்னரை ஏற்ற மறுத்துவிட்டார்கள். இது அநியாயம் இல்லையா?

உங்கள் எரிச்சல் புரிகிறது, ஆனால் மறுத்தவர் பக்கம்தான் நான். எவ்வளவு சேதம் வரை பறக்கலாம் என்று ஒவ்வொரு வகைக்கும் வரம்பு உண்டு. பெரும்பாலும் பெட்டியிலேயே ஒட்டியிருக்கும். லாக் பிடிப்பது அந்த விளிம்பைத்தான். நியாயமாகக் கோபப்பட வேண்டியது, நிரப்பும் முன்பே அதைக் கவனிக்காதவர்மேல்.

சரக்கு நகர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2013 ஏப்ரல் 29இல் ஆப்கானிஸ்தானின் பாக்ராமில் விழுந்த நேஷனல் ஏர்லைன்ஸ் 747ஐச் சொல்லலாம். பேலட்களில் கட்டிய ஐந்து ராணுவக் கவச வாகனங்கள் உள்ளே இருந்தன. மேலெழும்பும்போது குறைந்தது ஒன்று கட்டவிழ்ந்து பின்பக்கம் போய் மோதி, ஹைட்ராலிக் குழாய்களையும் வால்பகுதிக் கட்டுப்பாட்டையும் சேதப்படுத்தியது. ஏழு பேரும் இறந்தார்கள். இவ்வளவு கனத்துக்கு எத்தனை ஸ்ட்ராப் என்று எண்ணினால் போதாது, எந்தக் கோணத்தில் இழுக்கிறது என்பதும் கணக்கு என்பதை அந்த விசாரணை தெளிவாகக் காட்டியது.

மருந்து அனுப்ப வேறு பெட்டியா?

ஆமாம், ஆர்கேஎன் மாதிரி. சில பெட்டிகள் உலர்பனியும் விசிறியும் வைத்துக் குளிர்விக்கும், சில கம்ப்ரஸரிலும் ஹீட்டரிலும் ஓடும். இரண்டாவது வகையை இடைவழி நிலையத்தில் சார்ஜில் போடுவார்களா என்று முன்பே கேட்டு, எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

ஊரில் ஒருவர் பழைய எல்டி3யில் கோழி வளர்க்கிறார். எனக்கும் ஒன்று கிடைக்குமா?

கழித்துவிட்ட பெட்டி என்றால், விமான நிறுவனம் விற்ற காகிதத்தோடு வாங்குங்கள். கோழிக்கூடு, விதைக்கிடங்கு எல்லாவற்றுக்கும் நன்றாகத்தான் இருக்கும். காகிதம் இல்லாமல் எண்ணும் உரிமையாளர் எழுத்தும் பளிச்சென்று இருந்தால் எங்கிருந்தோ வழிதவறி வந்த பெட்டி அது, தொடாதீர்கள். அந்த எண்ணை வைத்துத் தேடிக்கொண்டிருப்பார்கள்.