ஐ.நா.வும் நேட்டோவும்: வாசகர் கேள்விகள்

கே: சீனா வாக்களிக்காமல் ஒதுங்கிக்கொண்டால் பாதுகாப்புச் சபைத் தீர்மானம் விழுந்துவிடுமா?

விழாது. நிரந்தர உறுப்பினர் (அமெரிக்கா, ரஷ்யா, சீனா, பிரிட்டன், பிரான்ஸ்) எதிர்த்து வாக்களித்தால்தான் வீட்டோ, அதாவது தீர்மானத்தைத் தடுக்கும் உரிமை. 15 பேரில் ஒன்பது பேர் ஆதரித்தால் தீர்மானம் நிறைவேறும். நிகழ்ச்சிநிரல் போன்ற கூட்ட நடைமுறை விவகாரங்களுக்கு வீட்டோவே கிடையாது.

கே: நேட்டோ என்னும் ராணுவக் கூட்டணியின் நாடு ஒன்றைத் தாக்கினால் மற்ற 31 நாடுகளும் தானாகவே போரில் இறங்கிவிடும் அல்லவா?

இல்லை. ஒப்பந்தத்தின் 5ஆம் பிரிவைக் கடைசி வரி வரை படித்துவிட்டு எழுதுங்கள். தேவை என்று தான் கருதும் உதவியைத்தான் ஒவ்வொரு நாடும் செய்யும். அது படையாகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. இதுவரை அந்தப் பிரிவு நடைமுறைக்கு வந்தது ஒரே முறை, 2001 செப்டம்பரில்.

கே: ருவாண்டாவிலும் (1994) போஸ்னியாவின் ஸ்ரெப்ரெனிட்சாவிலும் (1995) படுகொலை நடந்தபோது ஐ.நா. தன் படையை அனுப்பி அடக்கியிருக்கலாமே? ஏன் கைகட்டி நின்றது?

எந்தப் படையை? ஐ.நா.வுக்குச் சொந்தப் படை கிடையாது. உறுப்பு நாடுகள் ஒப்பந்தம் போட்டுப் படை ஒதுக்கவேண்டும் என்கிறது ஐ.நா. சாசனத்தின் 43ஆம் பிரிவு. 1945 முதல் ஒரு நாடுகூட அப்படி ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை. அதனால் ஒவ்வொரு பணிக்கும் செயலகம் (ஐ.நா.வின் நிர்வாக அலுவலகம்) நாடு நாடாகப் போய் பட்டாலியன் கேட்கிறது. சிப்பாய் ஒருவருக்கு மாதம் சுமார் 1,400 டாலர் அந்த நாட்டுக்குத் திருப்பித் தரப்படும். ஆனால் ஆபத்தான உத்தரவு வந்தால் பட்டாலியன் அதிகாரி முதலில் தன் தலைநகரைத்தான் கேட்பார்.

1993இல் ஸ்ரெப்ரெனிட்சா உட்பட போஸ்னியாவின் பாதுகாப்பு வலயங்களைக் காக்க 34,000 பேர் வேண்டும் என்று ஐ.நா. தரப்பில் கணக்குக் கொடுத்தார்கள். பாதுகாப்புச் சபை ஒப்புக்கொண்டது 7,600. ருவாண்டாவில் பத்து பெல்ஜியச் சிப்பாய்கள் கொல்லப்பட்டதும் பெல்ஜியம் படையை விலக்கியது. 1994 ஏப்ரல் 21 அன்று, படுகொலை நடந்துகொண்டிருக்கும்போதே, சுமார் 2,500 பேர் கொண்ட ஐ.நா. அமைதிப்படையை 270 ஆகக் குறைக்கச் சபை ஒருமனதாக வாக்களித்தது. படுகொலையை நடத்திய ருவாண்டா அரசே அப்போது சபையில் ஓர் உறுப்பினர்! செயலகத்தின் மீதும் பிழை உண்டு: ஆயுதக் கிடங்கைச் சோதனையிட அந்த ஜனவரியில் படைத் தளபதி கேட்ட அனுமதியை மறுத்தது. எத்தனை முறை சொன்னாலும் தகும்: 'ஐ.நா. தோற்றது' என்று எழுதுமுன் எந்த நாடு எப்படி வாக்களித்தது, எது படை தர மறுத்தது என்று பாருங்கள்.

கே: அமைதிப்படையை ஒரு நாடு வெளியேறச் சொல்ல முடியுமா?

முடியும். 1967இல் எகிப்து சொன்னது, படை கிளம்பியது. 2023 ஜூனில் மாலி சொன்னது, டிசம்பருக்குள் பணி முடிந்தது. பலத்தைப் பயன்படுத்த அனுமதிக்கும் சாசனத்தின் ஏழாம் அத்தியாயத்தின் கீழ் உத்தரவு இருந்தாலும், நாட்டின் ஒத்துழைப்பு இல்லாமல் படை தங்குவது நடைமுறையில் நடக்காது.

கே: ஐ.நா.வுக்குச் சந்தா கட்டாத நாட்டுக்கு வீட்டோ போகுமா?

போகாது. இரண்டு ஆண்டுச் சந்தா அளவுக்குப் பாக்கி சேர்ந்தால் பொதுச்சபையில் வாக்குரிமை போகும், அவ்வளவுதான். எந்தச் சபை என்று குறிப்பிடாமல் கேள்வி அனுப்பாதீர்கள்.