ரெஸ்டாரண்ட்ல நிறம் பார்த்து ஒதுக்குறாங்கன்னு தோணினா என்ன பண்ணலாம்?

சர்வீஸே மோசமா, இல்ல நம்ம நிறத்தைப் பார்த்து இப்படி நடத்துறாங்களான்னு எப்படி கண்டுபிடிக்கிறதுன்னு கேட்டிருக்கீங்க. பக்கத்து டேபிள பாருங்க, அதான் முக்கியம். உங்களுக்கு அப்புறம் வந்தவங்களுக்கு முதல்ல ஆர்டர் எடுக்குறாங்களா, முன்னாடி டேபிள் காலியா இருந்தும் உங்கள மட்டும் மூலைக்கு அனுப்புறாங்களா, உங்ககிட்ட மட்டும் முன்கூட்டியே பணம் கேக்குறாங்களா, இதெல்லாம் வெறும் மோசமான சர்வீஸ் கிடையாதுங்க, கூட்டம் அதிகம்னா எல்லாருக்கும் தானே லேட் ஆகணும்.

அமெரிக்கால 1960ல கிரீன்ஸ்பரோ ஊர்ல 4 கறுப்பின மாணவர்கள் சாப்பாட்டு கவுன்டர்ல, கடைக்காரங்க சர்வ் பண்ண மாட்டோம்னு சொல்லியும் எழுந்திருக்காம உக்காந்தாங்க, அந்த மாதிரி போராட்டங்களுக்கு அப்புறம் தான் 1964ல சிவில் உரிமைச் சட்டம் வந்து ரெஸ்டாரண்ட்ல இனப் பாகுபாடு காட்டுறத தடை பண்ணுச்சு. பிரிட்டன்லயும் இந்த மாதிரி பாகுபாட்டைத் தடுக்க 2010 சமத்துவச் சட்டம் இருக்கு.

அங்கேயே மேனேஜர கூப்பிட்டு நிதானமா காரணம் கேளுங்க. பில், நேரம், அவங்க சொன்ன வார்த்தை எல்லாத்தையும் அன்னைக்கே எழுதி வைங்க, கூட இருந்தவங்களையும் எழுதச் சொல்லுங்க. பேச தைரியம் வரலன்னாலும் தப்பில்ல, எழுந்து வந்துட்டு அப்புறமா புகார் குடுக்கலாம். ஆனா ரொம்ப தள்ளிப் போடாதீங்க, பிரிட்டன்ல கோர்ட்டுக்குப் போக பொதுவா 6 மாசம் தான் டைம்.