கிளவுட் வந்த பிறகும் கேம் போட்டிக்குச் சொந்த மெஷின் வேண்டுமா?

தம்பி 5,000 வெள்ளிக்கு (ரிங்கிட்) கேமிங் கணினி கேட்கிறான், இப்போது எல்லாமே கிளவுடில், அதாவது தூரத்தில் இருக்கும் வாடகைக் கணினியில், ஓடுகிறதே, மாதச் சந்தா கட்டி அதிலேயே ஆடினால் போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். ஐடி ஆட்கள்தான் சொல்ல வேண்டும் என்றும் போட்டிருக்கிறீர்கள். சரி, சொல்கிறேன்.

நான் பினாங்கில், பாயான் லெப்பாஸ் பக்கம் ஓர் அலுவலகத்தில் விர்ச்சுவல் மெஷின், அதாவது நிஜக் கணினிக்குள் மென்பொருளால் உருவாக்கிய கணினி, மேய்க்கிறவன். மேய்ப்பது என்றுதான் சொல்ல வேண்டும். நானூற்றுச் சொச்சம் இருக்கின்றன, தினமும் ஏதாவது ஒன்று வேலி தாண்டும். கேமில் நான் பெரிய ஆளில்லை. ஆனால் இந்த வேலையின் அரிச்சுவடியைப் படித்தது பட்டர்வொர்த்தில் ஒரு சிசியில்தான். சைபர் கஃபேயை அப்போது அப்படித்தான் சொல்வோம். முப்பது கணினி, ஒன்றிலும் ஹார்ட் டிஸ்க் கிடையாது. பின்கட்டில் இருந்த ஒரே சர்வரிலிருந்துதான் எல்லாம் பூட் ஆகும். எவன் என்ன வைரஸை இறக்கினாலும் ரீஸ்டார்ட் செய்தால் பச்சைப் பிள்ளை மாதிரி பழையபடி எழுந்து உட்காரும். பல வருடம் கழித்து அலுவலகப் பயிற்சியில் ‘கோல்டன் இமேஜ்’ (எல்லா மெஷினும் எழும் ஒரே மூலப் பிரதி) என்று ஒருவர் ஒரு மணி நேரம் விளக்கினார். அட, சிசி அண்ணன் மணிக்கு 2 வெள்ளி வாங்கிக்கொண்டு செய்ததுதானே இது என்று நினைத்துக்கொண்டேன். கரேனா என்ற கேம் மென்பொருளும் அப்படித்தான். வேறு வேறு ஊரில் இருந்த எங்கள் கணினிகளை ஒரே லேனில் (ஓர் அறைக்குள் கோர்த்த நெட்வொர்க்கில்) இருப்பதாக நம்பவைத்து டோட்டா என்ற குழு ஆட்டத்தை ஆடவிட்டது. நெட்வொர்க்கையே போலியாகக் காட்ட முடியும் என்பது அங்கேதான் எனக்குத் தெரிந்தது.

இனி நான் அசிங்கப்பட்ட கதை. 2018, தீபாவளி முடிந்த கையோடு பிறையில் எங்கள் இளைஞர் குழு கவுண்டர் ஸ்ட்ரைக் என்ற துப்பாக்கிச் சண்டை ஆட்டத்தில் ஒரு போட்டி வைத்தது. அதே நவம்பரில் புக்கிட் ஜாலிலில் கோலாலம்பூர் மேஜர் என்ற டோட்டா 2 உலகப் போட்டி நடந்துகொண்டிருந்தது. நம் நாட்டு ஆட்டக்காரர் மிட்ஒன் ஆடிய டீம் சீக்ரெட், இறுதி ஆட்டத்தில் விர்டஸ் ப்ரோவிடம் 3-2 என்று தோற்றது. பையன்களுக்கு அந்தச் சூடு ஏறியிருந்தது. சர்வர் பொறுப்பு என்னிடம். மண்டபத்துக்கு மெஷினைத் தூக்கிக்கொண்டு போக வேண்டுமா என்று சோம்பேறித்தனம். சிங்கப்பூரில் ஒரு மலிவு விர்ச்சுவல் மெஷினை வாடகைக்கு எடுத்தேன். பிங், அதாவது தகவல் போய்வரும் நேரம், 18 மில்லிசெகண்ட். தொழில்காரன் என்ற திமிர் வேறு.

முதல் ஆட்டத்திலேயே ஒருவன் எழுந்து வந்தான். “அண்ணே, நேரா தலையில சுடுறேன், படமாட்டேங்குது.” பிங் 18தான்டா, குறி பார்த்துச் சுடு என்று அனுப்பிவிட்டேன். இரண்டாவது ஆளும் வந்தான். மூன்றாவது வந்தவன் பேசவே இல்லை, என் கையைப் பிடித்து இழுத்துப்போய்த் தன் திரையைக் காட்டினான். நெட்கிராஃபில், அதாவது இணைப்பின் நிலையைத் திரையில் காட்டும் எண்களில், சர்வர் பக்கத்து எண் தவளை மாதிரி குதித்துக்கொண்டிருந்தது.

சர்வருக்குள் நுழைந்து, ப்ராசசர் எப்படிச் செலவாகிறது என்று காட்டும் ‘டாப்’ கட்டளையை அடித்தேன். ‘எஸ்டி’ என்ற இடத்தில் 12 விழுக்காடு நின்றது. ஸ்டீல் டைம் என்பார்கள். திருட்டு நேரம் என்று நேரடியாகவே தமிழில் சொல்லலாம், பொருத்தமாக இருக்கும். ஒரே நிஜ மெஷினில் பல விர்ச்சுவல் மெஷின்கள் குடியிருக்கும். உனக்கு ப்ராசசர் வேண்டிய நொடியில் பக்கத்துவீட்டுக்காரன் அதைப் பிடித்துவைத்திருந்தால் நீ வரிசையில் நிற்பாய். நிற்பது உனக்கே தெரியாது, கடிகாரம் மட்டும் ஓடியிருக்கும். அந்த சர்வர் யார் எங்கே நிற்கிறான், தோட்டா எங்கே போகிறது என்று நொடிக்கு 64 முறை ஆட்டத்தின் உலகத்தைக் கணக்குப் போட வேண்டும். அதாவது 15.6 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை. வரிசையில் 30 மில்லிசெகண்ட் நின்றுவிட்டால் இரண்டு கணக்கு தாமதமாகிவிடும். ஒன்றுமே தெரியாத மாதிரி இருக்கும், தோட்டா மட்டும் படாது.

இதில் என்னை உறுத்தியது வேறு. வாடகைக்குக் கொடுத்தவர்களின் பக்கத்தில் வரைபடம் அழகாக இருந்தது. ஐந்து நிமிடச் சராசரியில் ப்ராசசர் பயன்பாடு 40 விழுக்காடு. யாரும் பொய் சொல்லவில்லை, சராசரி அப்படித்தான். ஆனால் பையன் ஆடியது சராசரியில் இல்லையே. அவன் தோற்றது அந்த 30 மில்லிசெகண்டில். நானும் வருடக்கணக்காக அதே மாதிரி வரைபடத்தைத்தான் மேலதிகாரிக்குக் காட்டிக்கொண்டிருந்தேன்.

அன்று ஒரு பையனின் கணினியையே சர்வராக்கி, ஒரு சுவிட்சில் எல்லாரையும் கோர்த்து, ஆடிய இரண்டு ஆட்டங்களையும் திரும்ப ஆடவிட்டோம். மன்னிப்பும் கேட்டேன். அலுவலகத்தில் அறிக்கையை மாற்றினேன்: சராசரியை ஓரத்தில் போட்டுவிட்டு, நூற்றில் மோசமான அந்த ஒரு வேண்டுகோள் எவ்வளவு நேரம் காத்திருந்தது என்பதை முதல் வரியில் வைத்தேன். ஒரு மாதம் எல்லாரும் முகம் சுளித்தார்கள். சம்பளக் கணக்கு மென்பொருள் திங்கட்கிழமை காலையில் மட்டும் ஏன் திணறுகிறது என்பது பிறகு அதில்தான் பிடிபட்டது.

இதை வைத்துக் கிளவுடே ஆகாது என்று முடிவுகட்டாதீர்கள். சம்பளக் கணக்குக்கு இரண்டு நொடி தாமதம் ஒன்றுமே இல்லை, அங்கே விர்ச்சுவல் மெஷின் வரப்பிரசாதம். கேம் கம்பெனிகளும் கிளவுடை நன்றாகவே பயன்படுத்துகின்றன, பாடுபட்டு. ரையட் 2020இல் வாலரண்ட்டை வெளியிட்டபோது நொடிக்கு 128 கணக்கு என்று வைத்தது. ஒரு கணக்குக்குக் கிடைப்பது 7.8 மில்லிசெகண்ட். ஒரு ப்ராசசர் கோரில் மூன்று ஆட்டங்களுக்கு மேல் ஓட்டினால்தான் கட்டுப்படியாகும் என்பதால் ஒரு கணக்கை 2.34 மில்லிசெகண்டுக்குள் அடக்கினார்கள். தொடங்கும்போது 50 எடுத்ததாம். சர்வரின் இயங்குதளமான லினக்ஸ் எந்தக் கடிகாரத்தைப் பார்த்து நேரம் சொல்கிறது என்பது வரை நோண்டியிருக்கிறார்கள். நான் மலிவு மெஷின் எடுத்து அரை மணி நேரத்தில் ஏற்றியதற்கும் இதற்கும் ஏணி வைத்தாலும் எட்டாது.

அமேசான் 2024 ஆகஸ்டில் மலேசியாவிலேயே கிளவுட் மண்டலம் திறந்தபோது, இனி லேக் (ஆட்டத்தில் வரும் தாமதம்) ஒழிந்தது என்று மாமாக் கடையில் ஒரு நண்பர் தே தாரிக்கோடு அறிவித்தார். பினாங்கிலிருந்து சிங்கப்பூர் நேர்கோட்டில் சுமார் 600 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு 2 லட்சம் கிலோமீட்டர் போகும். போய்வர 6 மில்லிசெகண்ட், அதில் எவ்வளவுதான் மிச்சப்படுத்துவீர்கள்? வரிசை அப்படியே இருந்தால் கடை பக்கத்தில் வந்து என்ன பயன்?

உங்கள் தம்பி விஷயத்துக்கு வருவோம். நீங்கள் சொல்லும் மாதச் சந்தா வேறு ரகம். கேமே தூரத்தில் ஓடி, படத்தைச் சுருக்கி வீடியோவாக அனுப்புவது. பட்டனை அழுத்தியது அங்கே போய், படம் உருவாகி, சுருங்கி, வந்து, விரிந்துதான் திரையில் தெரியும். கதை விளையாட்டுக்கு அருமை. கூகுள் ஸ்டேடியா 2019 நவம்பரில் வந்து 2023 ஜனவரியில் மூடப்பட்டது, மற்றவர்கள் நடத்துகிறார்கள். ஆனால் போட்டி என்று ஆடுகிறவனுக்கு நான் சொல்லமாட்டேன். வாலரண்ட் என்றால் பேச்சே இல்லை, அதன் ஏமாற்றுத் தடுப்பான் வான்கார்டு விர்ச்சுவல் மெஷினைக் கண்டாலே கதவைச் சாத்திவிடும். வீட்டில் கிராஃபிக்ஸ் கார்டை நேரடியாக விர்ச்சுவல் மெஷினுக்குள் கொடுத்தெல்லாம் பார்த்துவிட்டேன், ஒரு வார இறுதி போனதுதான் மிச்சம்.

முதலில் அவன் என்ன ஆடுகிறான் என்று கேளுங்கள். மொபைல் லெஜெண்ட்ஸ் என்றால் கணினியே வேண்டாம். சிலாங்கூர் ரெட் ஜயண்ட்ஸ் 2024இல் ரியாத்தில் 3 மில்லியன் டாலர் பரிசுப் போட்டியை வென்றது கைப்பேசியில்தான். டோட்டாவோ வாலரண்ட்டோ என்றால் சொந்தக் கணினி வாங்கிக் கொடுங்கள். 5,000 வரை போக வேண்டாம், 3,000க்குள்ளேயே போதுமானது கிடைக்கும். மோடத்திலிருந்து அவன் அறைக்கு ஒரு கேபிளும் இழுத்துவிடுங்கள். அம்மா நடைவழியில் ஒயர் கிடக்கிறது என்று திட்டினால் சுவரோரமாகக் கிளிப் அடித்துக்கொள்ளலாம்.