டிப்ஸ்: ரொக்கமா, கார்டா?

கேள்வி: டெக்ஸாஸில் உள்ள மகள் வீட்டுக்கு வந்திருக்கிறோம். உணவகத்தில் பில்லுக்குக் கார்டில் பணம் செலுத்தினாலும், பரிமாறுபவருக்கான டிப்ஸை ரொக்கமாகவே கொடுக்க வேண்டும் என்கிறார் மருமகன். அப்படி என்ன வித்தியாசம்?

பதில்: உங்கள் மருமகன் சொல்வது நியாயமே. அங்கே டிப்ஸ் என்பது நம் ஊரில் மீதிச் சில்லறையை மேசையில் விட்டுவருவதைப் போன்றதல்ல. டிப்ஸ் பெறும் ஊழியருக்கு முதலாளி மணிக்கு 2.13 டாலர் கொடுத்தால் போதும், டிப்ஸும் சேர்ந்து அது குறைந்தபட்ச ஊதியமான 7.25 டாலரை எட்டினால் சரி என்பதே அங்குள்ள சட்டம். அந்த 2.13 டாலர் 1991-க்குப் பிறகு ஒரு சென்ட்கூட உயரவில்லை என்பதை நினைத்தால் மனம் ஆறுவதில்லை.

கார்டு ரசீதின் அடியில், ‘டிப்’ என்ற இடத்தில் நீங்கள் எழுதும் தொகை முதலில் உணவகத்தின் கணக்குக்குப் போய், பல இடங்களில் சம்பள நாளன்றுதான் ஊழியரின் கைக்கு வருகிறது; கார்டு நிறுவனம் பிடிக்கும் கட்டணத்தில் டிப்ஸுக்கு உரிய பங்கை அதிலிருந்து கழித்துக்கொள்ளவும் முதலாளிக்கு மத்தியச் சட்டம் இடம் தருகிறது. கலிபோர்னியாவில் அதற்குத் தடை உண்டு. ரொக்கமோ அன்றிரவே வீடு போய்ச் சேரும். ஆனால், ரொக்கம் என்பதற்காக அதை மறைத்துவிட முடியாது. மாதம் 20 டாலரோ அதற்கு மேலோ டிப்ஸ் கிடைத்தால், ஊழியர் அதை முதலாளியிடம் தெரிவித்தாக வேண்டும்.

ரொக்கம் வைக்கும்போது ரசீதில் ‘டிப்’ இடத்தில் கோடிழுத்து, மொத்தத் தொகையை நீங்களே எழுதிக் கையொப்பமிடுங்கள். கையில் ரொக்கம் போதவில்லையென்றால் தயங்காமல் கார்டிலேயே முழுமையாகக் கொடுத்துவிடுங்கள்.