ஆடாதோடை: சாறு ஏன் வரமாட்டேன் என்கிறது?

சளி, இருமலுக்காக ஆடாதோடை இலையை மிக்ஸியில் அரைத்துப் பிழிந்தால் சாறே வரவில்லை, பச்சை விழுதுதான் மிஞ்சுகிறது. தண்ணீர் விட்டு அரைக்கலாமா?
– வாசகி, தஞ்சாவூர்

தண்ணீர் விட வேண்டாம். விட்டால் வருவது இலைச்சாறு அல்ல, இலை கரைத்த தண்ணீர். அளவு கணக்கும் தவறிவிடும். ஆடாதோடை இலையில் நார் அதிகம், நீர் குறைவு. சூடு பட்டு இலை தளர்ந்தால்தான் சாற்றை விடும். அதனால்தான் ஆயுர்வேதத்தில் இதற்குப் புடபாகம் என்ற முறை: இலை விழுதை வேறு இலையில் பொதிந்து, மேலே மண் பூசி, நெருப்பில் சுட்டுப் பிழிவார்கள்.

வீட்டில் இட்லிப் பானை போதும். முற்றிய, பழுக்காத இலைகள் ஒரு கைப்பிடி எடுத்துக் கழுவி, ஈரம் துடைத்து, நடு நரம்பைக் கிழித்து எறியுங்கள். அம்மியிலோ உரலிலோ ஒன்றிரண்டாக நசுக்கி, வாழை இலையில் மடித்துப் பதினைந்து நிமிடம் ஆவியில் வையுங்கள். பொதியைப் பிரிக்கும்போது இலை கரும்பச்சையாகித் துவண்டிருக்க வேண்டும். பளீரென்ற பச்சை தெரிந்தால் இன்னும் ஐந்து நிமிடம். கை பொறுக்கும் சூட்டில் வெள்ளைத் துணியில் கட்டி முறுக்கினால் அடர்த்தியான சாறு சொட்டும். பெரியவர்களுக்கு 10 மில்லி, ஆறிய பிறகு ஒரு தேக்கரண்டி தேன் கலந்து, சாப்பாட்டுக்குப் பின் இருவேளை. இதைத் தாண்டினால் குமட்டும், வாந்தியும் வரும். அன்றன்று பிழிந்ததை அன்றன்றே குடித்துவிடுங்கள். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேனே கூடாது. சிறு பிள்ளைகளுக்கு மருத்துவரிடம் அளவு கேட்டுக்கொண்டு கொடுங்கள்.

மகள் ஐந்து மாதக் கர்ப்பிணி. சளிக்குக் கொஞ்சமாகக் கொடுக்கலாமா?
– வாசகி, விருதுநகர்

கூடாது. கொஞ்சமும் கூடாது. இலையிலுள்ள வாசிசின் என்ற வேதிப்பொருள் கருப்பையைச் சுருங்கச் செய்யும். கடைகளில் விற்கும் ஆடாதோடை மணப்பாகுக்கும் இதே விதிதான்.

காய்ந்த இலையில் கஷாயம் வைத்தால் அடிப்பிடித்து, குடிக்க முடியாத கசப்பாகிறது.
– வாசகர், நாமக்கல்

நைசான பொடியைப் போட்டிருப்பீர்கள். கஷாயத்துக்கு ரவை பதத்தில் ஒன்றிரண்டாக இடித்ததே வேண்டும். மாவாக இருந்தால் அடியில் படிந்து கருகும், வடிகட்டினாலும் துணியைத் தாண்டி வரும். இடித்தது 10 கிராம், தண்ணீர் 160 மில்லி; மூடாமல் சிறு தீயில் 40 மில்லியாக வற்ற விடுங்கள். அது ஒரு வேளைக்கு. ஒரு சிட்டிகை திப்பிலிப் பொடியும் சிறு துண்டு அதிமதுரமும் சேர்த்தால் தொண்டைக்கு இதம். ஆனாலும் கசக்கும், கசக்காத ஆடாதோடைக் கஷாயம் என்று யாராவது கொடுத்தால் சந்தேகப்படுங்கள். எவர்சில்வர் அல்லது மண் பாத்திரம் நல்லது.

அலோபதி இருமல் மருந்தோடு சேர்த்துக் குடிக்கலாமா?
– வாசகர், கோவை

பாட்டிலில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். புரோம்ஹெக்சின் வாசிசினை முன்மாதிரியாக வைத்து உருவான மருந்து. அம்பிராக்சால் அதன் வழி வந்தது. மூன்றுக்கும் சளியை இளக்குவதே வேலை, ஒன்று போதும். டெக்ஸ்ட்ரோமெத்தார்பன் இருந்தால் சேர்க்கவே வேண்டாம்: ஆடாதோடை சளியை இளக்கும், அது இருமலை அடக்கும், இளகிய சளி வெளியே வர வழியின்றி நெஞ்சிலேயே தங்கும். ஆஸ்துமாவுக்கு இன்ஹேலர் எடுப்பவர்கள் ஆடாதோடையை நம்பி அதை நிறுத்திவிடாதீர்கள். இரண்டு வாரம் தாண்டிய இருமல், சளியில் ரத்தம், மாலைக் காய்ச்சல் என்றால் முதலில் காசநோய்க்கான சளிப் பரிசோதனை.

நர்சரியில் வாங்கிய செடி ஆடாதோடைதானா என்று எப்படி அறிவது? நட்ட குச்சி அழுகிவிட்டது.
– வாசகி, காஞ்சிபுரம்

மாவிலை போல நீண்டு கூர்மையான இலைகள், கணுவுக்கு இரண்டாக எதிரெதிரே நிற்கும். நம்பகமான அடையாளம் பூ: வெள்ளை நிறம், வாய் பிளந்த வடிவம், கீழ் உதட்டில் ஊதாக் கோடுகள். பூக்கும்வரை சமையலறைக்குக் கொண்டுவராதீர்கள்.

குச்சி அழுகியது தண்ணீர் தேங்கியதால்தான். பென்சில் கனத்தில், மூன்று நான்கு கணுவுள்ள முற்றிய தண்டை ஒரு சாண் நறுக்கி, இரண்டு கணு மண்ணுக்குள் போக, மணல் கலந்த மண்ணில் சாய்த்து நடுங்கள். மழைக்காலத் தொடக்கம் ஏற்றது. துளிர்த்தபின் வேலியோரம் மாற்றலாம். ஆடு மாடு வாய் வைக்காது, தனிக் காவல் தேவையில்லை.