லேத் ஓட்டுபவர்களுக்கு ஐஎஸ்ஓ 9001-ஐ எப்படிப் புரியவைப்பது?

தர மேலாண்மைக்கான சர்வதேசத் தரநிலையான ஐஎஸ்ஓ 9001 சான்றிதழுக்குப் போகிறோம், மெஷின் ஷாப் ஆட்களுக்கு இதை எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். தரநிலைப் புத்தகத்தைப் பிரித்துப் பாடம் நடத்தாதீர்கள், கொட்டாவிதான் வரும். 2015 பதிப்பின் 7.3 பிரிவு ஊழியருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பது நான்கே விஷயம்: தரக் கொள்கை, தன் வேலைக்குரிய தர இலக்கு, அதில் தன் பங்கு, முறையை மீறினால் என்ன ஆகும். கொள்கையை மனப்பாடம் செய்ய வைப்பது, என்னைக் கேட்டால், வீண் வேலை.

மெஷின் பக்கத்திலேயே நின்று பேசுங்கள். அளவெடுக்கும் வெர்னியரைக் கையில் கொடுத்து, கேலிப்ரேஷன் (கருவி சரியாக அளக்கிறதா என்ற சோதனை) ஸ்டிக்கரில் தேதியைப் பார்க்கச் சொல்லுங்கள். கருவி தப்பாகக் காட்டுகிறது என்று தெரிந்தால், அதை வைத்து முன்பு அளந்த ஷாஃப்டுகளும் சரிதானா என்று திரும்பிப் பார்க்க வேண்டும். 7.1.5 பிரிவு சொல்வது இதைத்தான். அப்புறம் ரிஜெக்ட் பீஸைத் தனியே வைத்து டேக் கட்டுவது, அது 8.7 பிரிவு. டேக் கட்டியவரையே திட்டும் சூப்பர்வைசர் இருந்தால் எந்தப் பயிற்சியும் எடுபடாது. அடுத்த ரிஜெக்ட் நல்ல பீஸ்களோடு கலந்து போய்விடும்.

சான்றிதழுக்காகச் சோதிக்க வரும் ஆடிட்டர் நேரே ஆபரேட்டரிடமே வந்து, "இது புது டிராயிங்தான் என்று எப்படித் தெரியும்?" என்று கேட்கலாம். டிராயிங்கில் உள்ள ரிவிஷன் (திருத்த) எண்ணையும், அதை ஒப்பிட்டுப் பார்க்கும் பட்டியலையும் காட்டினால் போதும். தமிழிலேயே பதில் சொல்லலாம்.