அஸ்திவாரத்துக்குள் எர்த் இல்லையா? உடைப்பதற்கு முன் இதைப் படியுங்கள்

கேள்வி: திருச்சி புறநகரில் வீடு கட்டினேன். கான்ட்ராக்டர் என் மைத்துனரின் நண்பர். ஒப்பந்தத்தில் ‘புட்டிங் (அஸ்திவார கான்கிரீட்) கம்பியோடு ஜி.ஐ. பட்டை (துத்தநாகம் பூசிய இரும்புப் பட்டை) வெல்டு செய்து மெயின் போர்டு வரை எர்த், அதுபோக இரண்டு எர்த் பிட் (கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கும் குழி)’ என்று இருக்கிறது. சாவி வாங்கி 19 மாதம் ஆகிறது. போன வாரம் வாஷிங் மெஷினைத் தொட்ட அம்மாவுக்கு ஷாக் அடித்தது. பட்டை தரைக்குள் ஓரடி போய் நின்றுவிடுகிறது, பிட்டும் ஒன்றுதான் என்கிறார் எலெக்ட்ரீஷியன். கான்ட்ராக்டரோ, ‘பாக்கி 1,40,000 ரூபாயை முதலில் கொடு’ என்று நாலு பேர் முன்னால் அவமானப்படுத்துகிறார். அஸ்திவார எர்த் சட்டப்படி கட்டாயம் என்று வீடியோவில் பார்த்தேன். கிரிமினல் வழக்குப் போடலாமா?

பதில்: மைத்துனர், அவமானம் இரண்டையும் ஒதுக்கி வையுங்கள். கிரிமினல் வழக்கும் வேண்டாம். சிவில் விவகாரம் என்று ஸ்டேஷனில் திருப்பி அனுப்புவார்கள்.

நீங்கள் பார்த்தது அமெரிக்க வீடியோவாக இருக்கும். அங்கே புதுக் கட்டடத்தின் அஸ்திவார கான்கிரீட்டில் 20 அடி கம்பி இருந்தால் அதை எர்த்தோடு சேர்த்தே ஆக வேண்டும். நம் நாட்டு எர்த்திங் தர நெறியான ஐ.எஸ். 3043 அஸ்திவாரக் கம்பியை எர்த்தாக ஏற்கிறது, வீடுகளுக்குக் கட்டாயமாக்கவில்லை. அதனால் நோட்டீஸில் ‘சட்டவிரோதம்’ என்று எழுதினால் முதல் வரியிலேயே அடி வாங்குவீர்கள். உங்கள் பலம் அந்த ஒப்பந்த வரிதான். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, ஒப்பந்தப்படி செய்வதாக ஏற்றதைச் செய்யாததையும் சேவைக் குறைபாடு என்கிறது. அது போதும்.

இனி நான் பயப்படும் விஷயம். ஷாக் அடித்த வீட்டில் யாரும் சும்மா இருக்க மாட்டார்கள். புது எலெக்ட்ரீஷியன் வருவார், தரையை உடைப்பார், பழைய பட்டையைப் பிடுங்கிப் போடுவார். வீடு பத்திரம், வழக்கு காலி. ‘நான் சரியாகத்தான் போட்டேன், இவர்தான் உடைத்துவிட்டார்’ என்று எதிர்த்தரப்பு ஒரே வரியில் முடித்துவிடும். இப்படி உடைத்துவிட்டு வந்து நின்ற கட்சிக்காரர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

பாதுகாப்பு முக்கியம்தான். மின்சாரம் கசிந்தால் உடனே சப்ளையை நிறுத்தும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. சுவிட்சை இன்றே மாட்டுங்கள், அதனால் சாட்சியம் கெடாது. அவசரமென்றால் வீட்டுக்கு வெளியே, பழைய பிட்டிலிருந்து தள்ளி, புது பிட் போட்டுக்கொள்ளலாம். பழைய பட்டையையும் பிட்டையும் மட்டும் யாரும் உடைக்கவோ பிடுங்கவோ கூடாது. பிறகு உரிமம் பெற்ற மின் ஒப்பந்தக்காரரையோ பட்டயப் பொறியாளரையோ (சார்ட்டர்டு இன்ஜினியர்) வைத்து எர்த் டெஸ்டரில் அளந்து, எழுத்தில் வாங்குங்கள். தேதி குறித்து கான்ட்ராக்டரையும் பதிவுத் தபாலில் கூப்பிடுங்கள். வராவிட்டால் அதுவும் உங்களுக்கு லாபம். மெயினை அணைத்துவிட்டு, போர்டில் எர்த் வயர்கள் சேரும் எர்த் பாரிலிருந்து பட்டையைக் கழற்றித் தனியாக அளக்கச் சொல்லுங்கள். பிட்டோடு சேர்த்து அளந்தால் நல்ல பிட் ஒன்றே ரீடிங்கைக் காப்பாற்றிவிடும், ‘எல்லாம் சரி’ என்ற ரிப்போர்ட்டை நீங்களே காசு கொடுத்து வாங்கியதாகிவிடும்.

புட்டிங் போட்டபோது எடுத்த போட்டோக்கள் இருந்தால் அந்த போனை மாற்றாதீர்கள். சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63-ஆவது பிரிவு கேட்கும் மின்னணு ஆவணச் சான்றிதழோடு தாக்கல் செய்யலாம். மின் இணைப்புக்குக் கொடுத்த வயரிங் ரிப்போர்ட்டின் நகலையும் எடுங்கள். ‘எர்த் சரி’ என்ற தாளில் உங்கள் கையெழுத்தும் இருக்கிறதா என்று, அவர்களுக்கு முன்னால் நீங்கள் தெரிந்துகொள்வது நல்லது.

நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கக் காலக்கெடு இரண்டு வருடம். சாவி வாங்கிய நாளிலிருந்து எண்ணினால் கையில் ஐந்து மாதம். போன வாரம்தான் தெரிந்தது என்று வாதாடலாம், ஆனால் அதை நம்பி உட்காராதீர்கள். நோட்டீஸ் அனுப்பியதாலோ, ‘அடுத்த மாதம் செய்து தருகிறேன்’ என்று அவர் சொன்னதாலோ கெடு நீளாது.

இவ்வளவும் சொன்ன பிறகு, என் யோசனை சமாதானம்தான். அஸ்திவாரத்தை உடைத்துக் கட்டித் தரச் சொல்லி எந்த ஆணையமும் உத்தரவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். மாற்று எர்த்துக்கான செலவும், மன உளைச்சலுக்குக் கொஞ்சமும் கிடைக்கலாம். அந்தச் செலவைவிட உங்கள் கையில் இருக்கும் பாக்கி அதிகம். முழுதையும் பிடித்து வைத்தால் அவர் பணம் கேட்டு சிவில் வழக்குப் போடுவார். அளந்த ரிப்போர்ட்டைக் காட்டி, அவர் செலவில் வீட்டைச் சுற்றிப் பட்டையும் இரண்டாவது பிட்டும் உரிமம் உள்ளவரை வைத்துப் போட்டு, டெஸ்ட் ரிப்போர்ட் கொடுத்த பிறகே பாக்கி என்று எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். ஆறு வாரத்தில் வழிக்கு வராவிட்டால் மாவட்ட ஆணையத்தில் புகாரைத் தாக்கல் செய்துவிடுங்கள். பேச்சுக்கு மைத்துனரை அனுப்ப வேண்டாம்.